புளூஸ் பாட்டுக்குள் எனக்கு ஓர் இடம்

ஜேர்மனியின் ஹம் நகரில் எங்கள் பகுதி மக்கள் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் மேசை மேல் ஏறிச் சம்மணம் கட்டி உட்கார்ந்து வயலின் வாசித்தேன். என்னைச் சுற்றி நான்கு ஜேர்மன்காரர் பாஞ்சோ, கித்தார், மண்டலின், ஆளுயரப் பெரிய பேஸ் எல்லாம் வைத்துக்கொண்டு நின்றார்கள். இதைக் கேள்விப்பட்ட எங்கள் ஆட்கள் முதலில் கேட்டது "உங்களுக்கென்ன விசரோ?" என்பதுதான். பைத்தியம் ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். கட்டில் விரிப்பு மாற்றும்போது எனக்கு வாய் சும்மா இருக்காது. ஏதாவது ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். அங்கே இருக்கும் ஒரு மூதாட்டியைப் பார்க்க அவருடைய மகள் கிழமைக்கு மூன்று தரம் வருவார். மகள் என்றால் இளம்பெண் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டியிருப்பார். அவர் ஒருநாள் கதவடியில் நின்று நான் முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"நீங்கள் பாடகியா?" என்று கேட்டார்.

"இல்லை. வயலின் வாசிப்பேன்" என்றேன்.

அவ்வளவுதான். தாய்க்குக் கொண்டுவந்த தலையணையைக்கூட மறந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பாஞ்சோ வாசிக்கும் ஒரு குழு இருக்கிறதாம். இன்னும் ஏழு கிழமையில் கச்சேரி. வயலின்காரர் சைக்கிளால் விழுந்து தோளை முறித்துக்கொண்டாராம். கச்சேரியின் விஷயம், அமெரிக்காவின் கறுப்பின மக்கள் பாடிய புளூஸும் அங்கே மலைநாட்டு வெள்ளையர்கள் வாசித்த புளூகிராஸும் எப்படி உறவு என்று காட்டுவது. எனக்கு இரண்டும் தெரியாது என்று சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. புதன்கிழமை ஐந்து மணிக்கு மண்டபத்துக்கு வாருங்கள் என்று நாளும் நேரமும் குறித்து டெர்மின் தந்துவிட்டார்.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் கணவருக்குப் பெட்டி செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. பகிடி விடாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"இதென்ன கண்டறியாத பேர், புளூகிராஸ்? நீலப் புல்லோ? அதை மாடு தின்னுமோ?"

"சும்மா இருங்கோ. நான் போறன்" என்றேன்.

"போம், போம். நீர் ஒருக்கா எண்டாலும் நடுவில இருந்து வாசிக்கிறதைப் பாப்பம்."

பகிடியாகச் சொன்னாலும் அது எனக்குச் சுருக்கென்றது. யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் வயலின் படித்தேன். இங்கே வந்து முப்பது வருடம், ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் பிள்ளைகளுடைய நடன அரங்கேற்றத்துக்கு வாசித்திருக்கிறேன். நான் ஏறாத மேடை இல்லை, ஆனால் எல்லா மேடையிலும் ஓரத்தில்தான். நடுவில் பிள்ளை ஆடும். அதற்கு அடுத்ததாகப் பாடுகிறவர், நட்டுவாங்கம் செய்கிறவர், மிருதங்கம். வீடியோவில் என் வில்லின் நுனி மட்டும் போய் வரும். ஒரு வீட்டில் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தபோது, "அக்கா, இந்தா உங்கட வில்லு" என்று சந்தோஷமாகக் காட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

முதல் புதன்கிழமையே ஒரு சிக்கல் வந்தது. நாங்கள் நிலத்தில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வைத்து வாசிக்கிறவர்கள். புளூகிராஸ்காரர்களோ ஒரே ஒரு ஒலிவாங்கியைச் சுற்றி எல்லோரும் நிற்பார்கள். யாருடைய முறை வருகிறதோ அவர் ஓர் அடி முன்னால் வருவார், முடிந்ததும் பின்னால் போவார். நான் நிலத்தில் இருந்துகொண்டு எங்கே முன்னால் போவது? ஒலிவாங்கி என் தலைக்கு மேலே ஒன்றரை முழ உயரத்தில் நின்றது. பாஞ்சோ வாசிக்கும் அந்தச் சங்கீத ஆசிரியர் யோசித்தார். பிறகு மண்டபத்தின் கனமான மேசை ஒன்றை இழுத்து வந்து, மேலே ஒரு கம்பளத்தை விரித்து, "ஏறுங்கள்" என்றார். ஏறினேன். இப்போது என் வயலினும் அவர்களுடைய நெஞ்சும் ஒரே உயரம். பின்னாளில் அதைப் பார்த்த என் கணவர், எழுந்தருளி வீதியுலாவுக்குப் புறப்பட்ட சாமி மாதிரி இருக்கிறேன் என்றார்.

குழுவில் கித்தார் வாசித்துப் பாடுகிறவர் எழுபது வயது தாண்டியவர். பள்ளிக்கூடம் முடித்த நாள் முதல் சுரங்கம் மூடும்வரை நிலக்கரி வெட்டியவர். தோள் இன்னும் கதவகலம். அதிகம் பேசமாட்டார். மண்டலினும் பேஸும் வாசிக்கிற இருவர் கணவன் மனைவி; அவர்கள் தங்களுக்குள் மட்டும் பேசுவார்கள். ஆகவே பேச்சு முழுக்க ஆசிரியரும் நானும்தான்.

அன்று சுரங்கக்காரர் ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார். கச்சேரியின் கடைசிப் பாட்டு அது. ஒருவன் றெயினைத் தவறவிட்டுவிட்டான், அதில் அவனுடைய மனைவி போய்விட்டாள், அவ்வளவுதான் கதை. முதலில் அதைப் புளூஸாக மெதுவாகப் பாடுவார்கள். அப்போது அவன் றெயின் மேடையிலேயே குந்தியிருந்து அழுகிறவன். பிறகு அதே பாட்டைப் புளூகிராஸாக விரட்டுவார்கள். அப்போது அவன் தண்டவாளத்தில் றெயினைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவன். ஒரே சொல், ஒரே மெட்டு.

மெதுவான பாதியைக் கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. நம்முடைய சங்கீதத்தில் 'க' என்கிற காந்தாரச் சுரம் பெரும்பாலும் இரண்டு வகையில் வரும். தாழ்ந்தது ஒன்று, உயர்ந்தது ஒன்று. இந்த மனிதர் இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் போய் நின்றார். நின்றதோடு விடாமல் அந்தச் சுரத்தை அசைத்தார். அசைத்து அசைத்துக் கீழே கொண்டுவந்து இறக்கினார். கமகம் என்றால் என்னவென்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் தொடையில் தட்டித் தாளம் போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றுக்குச் சரியாக ஆதி தாளம் ஆறு ஆவர்த்தனம் வந்தது. அடி பிசகவில்லை. மற்றவர்கள் என் கையைப் பார்த்து, ஏதோ பூச்சி கடிக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

அந்த ஒரு பாட்டில் எனக்கு இடம் வேண்டும் என்று அந்த இடத்திலேயே ஆசை பிடித்துவிட்டது. மற்ற ஒன்பது பாட்டும் எப்படிப் போனாலும் பரவாயில்லை.

இனி என்னுடைய மடைத்தனத்தைச் சொல்ல வேண்டும். பாடுகிறவருக்கு வயலின் வாசிக்கிறவள் என்ன செய்வாள்? அவர் ஒரு சங்கதி பாடினால் அதே சங்கதியை அரைநொடி பின்னால் அப்படியே வாசித்துக்கொண்டு போவாள். அவர் வளைந்தால் வளைவாள். அவர் நிறுத்தினால் மரியாதையாகத் தானும் நிறுத்துவாள். எனக்குத் தெரிந்த வேலை அதுதான், அதை நான் நன்றாகவே செய்வேன். சுரங்கக்காரர் பாடத் தொடங்கினார். நான் அவருடைய குரலின் குதிக்காலை மிதிக்கிற அளவுக்குக் கிட்டப் போனேன். ஓர் அடி பாடி அவர் வாயை மூடினார். நானும் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தேன். எட்டு அடித் தாளத்துக்கு வெறும் கித்தார் மட்டும் மொட்டையாகக் கேட்டது. பாவம், வயது போனவர், மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்ததும் ஆசிரியர்தான் மெல்லச் சொன்னார்: "புளூஸில் பாடுகிறவர் ஓர் அடி சொல்வார். சொல்லிவிட்டு இடம் விடுவார். அந்த இடத்தில்தான் வாத்தியம் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அவர் பாடும்போது வாசிக்கிறீர்கள், பதில் சொல்லும் இடத்தில் நிறுத்துகிறீர்கள்."

அதாவது முழுக்கத் தலைகீழ்.

மூன்றாம் கிழமை வரை சுரங்கக்காரர் பொறுத்துப் பார்த்தார். பிறகு கித்தாரைத் தொடையில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் பத்திரிகை வாசிக்கும்போது என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒருவர் சத்தமாக வாசிப்பது போல இருக்கிறது" என்றார்.

எனக்கு முகம் கறுத்துவிட்டது. "எங்கள் ஊரில் அதற்குப் பெயர் மரியாதை" என்றேன்.

"இங்கே அதற்குப் பெயர் தொல்லை" என்றார் அவர். மண்டலின்காரி களுக்கென்று சிரித்தாள். எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. ஆனால் அவர் சொன்னது பிழையில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டில் பழகிப் பார்ப்போம் என்று என் கணவரைப் பாட வைத்தேன். அவருக்குச் சுருதி என்பது கோயில் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வருகிற சாமான். சமையலறையில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டே, அன்று கடையில் வாங்கிவந்த கத்தரிக்காயை வைத்துப் புளூஸ் பாடினார்.

"கத்தரிக்காய் வேண்டினனான்... ஐயோ கத்தரிக்காய் வேண்டினனான்..."

பாடிவிட்டுக் கத்தியைத் தூக்கிக் காட்டுவார். அதுதான் எனக்கு இடம். நான் அந்த இடத்தில் பதில் வாசிப்பேன். அடுத்த அடி, "எல்லாம் பூச்சி, எல்லாம் பூச்சி." கத்தி மேலே போகும். நான் வாசிப்பேன். இரண்டு மணித்தியாலம் இப்படி நடந்தது. ஒரு பிழையும் விடவில்லை. எனக்கே பெருமைப் புழுகமாக இருந்தது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருப்பது அடுத்த புதன்கிழமைதான் விளங்கியது. என் கணவருடைய குரலுக்குப் பின்னால் போக எந்த வயலினாலும் ஏலாது. சுரங்கக்காரர் வாயைத் திறந்து அந்த நடுக் காந்தாரத்தைத் தொட்டதும், என் கை என்னைக் கேளாமலே அவர் பின்னால் ஓடிவிட்டது.

"திரும்பவும்" என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டே.

நாலாம் கிழமை, ஐந்தாம் கிழமை, ஆறாம் கிழமை, எல்லாம் இதே கூத்து. வேகமான பாதியில் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. அங்கே எனக்கென்று தனி முறை உண்டு, மெட்டை மனப்பாடம் செய்து விளாசினேன். பேஸ்காரரே ஒருமுறை கை தட்டினார். மெதுவான பாதியில்தான் என் கை எனக்குச் சொந்தமில்லாமல் போனது.

ஏழாவது புதன்கிழமை, கச்சேரிக்கு முந்திய கடைசிப் பயிற்சி. மெதுவான பாதியை ஒருதரம் முழுக்க வாசித்தோம், நான் வழக்கம்போலப் பின்னால் ஓடினேன். சுரங்கக்காரர் கித்தாரை உறைக்குள் வைக்கத் தொடங்கினார். ஆசிரியர் என் மேசைக்குக் கிட்ட வந்து, என் முழங்காலில் கையை வைத்தார். நல்ல மனுஷி, சொல்ல அவருக்கும் விருப்பமில்லை என்பது தெரிந்தது.

"கடைசிப் பாட்டின் மெதுவான பாதியில் நீங்கள் வாசிக்க வேண்டாம். வில்லை மடியில் வைத்திருங்கள். வேகமான பாதி தொடங்கும்போது சேர்ந்துகொள்ளுங்கள். சரிதானே?"

நான் சுரங்கக்காரரைப் பார்த்தேன். அவர் உறையின் பூட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"சரி" என்றேன்.

அப்படியொரு பயிற்சி செய்து பார்க்கவும் நேரம் இருக்கவில்லை. ஏழு மணிக்கு உடற்பயிற்சிக் குழுப் பெண்கள் பாய்களோடு வந்து வாசலில் நின்றார்கள். ஏழு என்றால் ஏழுதான், ஒரு நிமிடம் கூடத் தரமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி எறிந்தேன். "நான் வரேல்லை எண்டு சொல்லப்போறன்" என்றேன்.

கணவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். "ஏன், என்ன நடந்தது?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பாட்டுக்காக அழுகிறேனே என்று அதற்கும் வெட்கமாக இருந்தது.

"மற்றப் பாட்டு ஒம்பதிலையும் வாசிக்கிறீர்தானே?"

"எனக்கு அந்தப் பாட்டுத்தான் வேணும். அதில என்னை ஓரத்திலகூட வைக்கேல்லை. வாயைப் பொத்திக்கொண்டு மேசையில இரு எண்டு சொல்லுறாங்கள்."

அவர் பகிடி ஒன்றும் விடவில்லை. அது அவருக்கு லேசான காரியமில்லை. பிறகு சொன்னார்: "நீர் போகாட்டிப் பரவாயில்லை. ஆனா நான் நாற்பது பேருக்குச் சொல்லிப்போட்டன். எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு வகுப்பாப் போய்ச் சொன்னனான். இடைவேளையில தின்ன ரெண்டு பேர் ரோல்ஸ் சுடுகினம்."

"உங்களை ஆர் சொல்லச் சொன்னது?"

"நீர் நடுவில இருக்கிறதைப் பாக்கட்டும் எண்டு."

அதற்கு மேல் என்ன சொல்வது? போவதென்று முடிவு செய்தேன். கோபத்தில்தான் முடிவு செய்தேன். மடியில் வில்லை வைத்துக்கொண்டு கல்லுப் போல இருந்து காட்டுகிறேன், ஒரு சத்தம் வருகிறதா பார்ப்போம் என்று எனக்குள் சபதம் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கச்சேரி. என் கணவர் எங்கள் ஆட்களுக்கு மூன்று மணி என்று சொல்லியிருந்தார். அவருக்கு எங்கள் சனத்தைத் தெரியும். மூன்றரை வரை எங்கள் ஆட்களில் ஒரு குருவியும் இல்லை. ஜேர்மன்காரர்கள் மட்டும் வந்து, கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டு, கதிரையில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் ஆட்கள் கலியாண வீட்டுக்கு வருவது போலச் சேலையும் நகையுமாக வந்து இறங்கினார்கள். "பிந்திப்போச்சு, குறை நினைக்காதேங்கோ" என்று வாசலில் நின்ற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார்கள். என் கணவர் கடிகாரத்தைப் பார்த்து எனக்குக் கண்ணடித்தார்.

ஆசிரியர் முதலில் கொஞ்சம் பேசினார். பாஞ்சோவைத் தூக்கிக் காட்டி, இது ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் தங்கள் நினைவிலிருந்து செய்துகொண்ட வாத்தியம் என்றார். வயலின் ஸ்கொட்லாந்து, அயர்லாந்துக்காரரோடு மலைக்குப் போனது. றெயில் பாதை போட்ட இடத்திலும் சுரங்கத்திலும் வேலை முடிந்த நேரத்தில் ஒருவர் வாசித்ததை மற்றவர் கேட்டார், கேட்டதைக் கொண்டுபோய்த் தன் வீட்டில் வாசித்தார். பிறகு இசைத்தட்டு விற்க வந்தவர்கள்தான் கறுப்பருக்கு ஒரு பெட்டி, வெள்ளையருக்கு ஒரு பெட்டி என்று பிரித்துவைத்தார்கள் என்றார். எங்கள் பக்கத்திலிருந்து ஓர் அண்ணை "ஓம், ஓம், உலகம் முழுக்க இதுதான்" என்று பலமாகச் சொன்னார். ஜேர்மன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் ஒன்பது பாட்டும் நன்றாகவே போயின. நான் மேசையில் இருந்தபடி என் முறை வந்தபோதெல்லாம் வாசித்தேன். மண்டலின்காரி வாசித்துவிட்டுப் பின்னால் போவாள், ஆசிரியர் வருவார், நான் மட்டும் இருந்த இடத்திலேயே ஒலிவாங்கிக்குப் பக்கத்தில். எங்கள் ஆட்கள் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு கையால் தொடையில் தாளம் போட்டார்கள்; ஆறாவது பாட்டில் பார்த்தால் முன்வரிசை ஜேர்மன் பெண்களும் தொடையில் தட்டத் தொடங்கியிருந்தார்கள். இடைவேளையில் ரோல்ஸ் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. ஜேர்மன்காரர் இரண்டு பேர் கொண்டுவந்த கேக்கை எங்கள் ஆட்கள் மிச்சம் வைக்காமல் முடித்தார்கள்.

பிறகு கடைசிப் பாட்டு. ஆசிரியர், ஒரே பாட்டை இரண்டு விதமாகக் கேட்கப்போகிறீர்கள் என்றார். நான் வில்லை மடியில் வைத்தேன். இரண்டு கையையும் அதற்கு மேல் வைத்து அமத்திக்கொண்டேன்.

சுரங்கக்காரர் முதல் அடியைப் பாடினார். அந்த நடுக் காந்தாரம் வந்தது, என் இடதுகை விரல் மடியிலேயே அசைந்தது. விடவில்லை. அவர் நிறுத்தினார். இடைவெளி வந்தது. கித்தார் மட்டும். எங்கள் ஆட்கள் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் கம்பளத்தைப் பார்த்தேன்.

இரண்டாவது அடி. அவருடைய குரல் தாளத்துக்குக் கொஞ்சம் முந்திவிட்டது. அப்படி ஒருநாளும் அவர் முந்தினதில்லை. நிறுத்தினார். மறுபடியும் அந்த மொட்டைக் கித்தார். மூன்றாவது அடியைத் தொடங்கினார், பாதியில் சொல் நின்றது. கித்தாரும் நின்றது. மண்டபத்தில் யாரோ இருமினார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. வீட்டில் வைத்த இடத்தில் ஒரு சாமானைக் காணாமல் தேடுகிறவரின் முகம்.

"ஏன் வாசிக்காமல் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு ஏழு கிழமைக் கோபமும் ஒன்றாகப் பொங்கி வந்தது. "நீங்கள் எல்லோரும்தானே வேண்டாமென்று சொன்னீர்கள்?" என்றேன்.

ஒலிவாங்கி என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்ததை நான் மறந்துவிட்டேன். என் சத்தம் மண்டபத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய் வந்தது. பிறகு ஜேர்மன்காரர் பக்கம் சிரிப்பு வெடித்தது. எங்கள் பக்கத்தில், "பாரும், மேடையிலையும் சண்டை" என்று ஒரு குரல் கேட்டது. அது யாருடைய குரல் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சுரங்கக்காரர் சிரிக்கவில்லை. "சொன்னேன்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "பின்னால் வர வேண்டாமென்று மூன்றாம் கிழமையிலிருந்து சொன்னேன். இப்போது பின்னால் ஒருவரும் வராமல் பாடினால், நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. முதலிலிருந்து பாடலாமா?"

நான் வில்லை எடுத்தேன்.

அவர் முதல் அடியைப் பாடினார். நான் பின்னால் போனேன், எப்போதும் போல, குதிக்காலை மிதிக்கிற தூரத்தில். அவர் நிறுத்தினார். வழக்கமாக நானும் நிறுத்துகிற இடம். ஆனால் அன்று எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் மிச்சம் இருந்தது. வயலின் தொடர்ந்து போனது. அந்த நடுக் காந்தாரத்தைப் பிடித்து, அசைத்து, அதில் நின்று, அவர் சொன்ன தொல்லைக்கும் மடியில் வைத்த வில்லுக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். தாளம் முடிகிற இடத்தில் சரியாக வந்து நின்றது. ஆசிரியர் பாஞ்சோவை அணைத்துப் பிடித்தபடி வாயைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் அவர் கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது அடி, மூன்றாவது அடி. அவர் சொன்னார், நான் சொன்னேன். அவர் றெயின் போய்விட்டது என்றார். போகட்டும் என்றேன். அவர் அவள் போய்விட்டாள் என்றார். அதற்குக் கீழ்ச் சட்ஜத்துக்கு இறங்கி அங்கேயே நின்றேன்.

மெதுவான பாதியின் கடைசிச் சுற்றில் பாட்டுக்குச் சொல் இல்லை. வழக்கமாக அந்தச் சுற்றை அவர் கித்தாரில் தனியாக வாசித்து முடிப்பார். அன்று கித்தாரை மெல்லத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், தொடங்கு என்பது போல. நான் தொடங்கினேன். இரண்டு சுரம் போயிருக்கும், பின்னால் ஏதோ கேட்டது. அவர் வாயை மூடிக்கொண்டு முனகினார். நான் வாசித்த அதே சங்கதியை, நான் வளைந்த இடத்தில் வளைந்து, அரைநொடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

முப்பது வருடம் நான் யார் யாருக்கோ பின்னால் போயிருக்கிறேன். என் பின்னால் ஒருவர் வந்தது அன்றுதான். கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை. வயது போனவர், மூச்சு எடுக்கட்டும் என்று ஒரு சுரத்தில் கொஞ்சம் நின்றேன். அவர் வந்து சேர்ந்த பிறகு மெல்ல மேலே ஏறினேன்.